மருந்து எதிர்ப்பு டிபி: சில ரகங்கள் மட்டும் நாடு முழுக்கப் பரவுவது ஏன்?

நீங்கள் கேட்டது இது: பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகள் எத்தனையோ நோயாளிகளின் உடம்பில் புதிது புதிதாக உருவாகின்றன. அவற்றில் பல அந்த நோயாளியோடு, மிஞ்சிப்போனால் அவர் வீட்டில் இன்னொருவரோடு முடிந்துவிடுகின்றன. வேறு சில முப்பது நாற்பது ஆண்டுகளாக ஆள்விட்டு ஆள் தாவி, ஒரு வட்டாரத்தின் எதிர்ப்பு டிபியில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

சுருக்கமாகச் சொல்வதென்றால், பரவும் ரகத்துக்கு மருந்தைத் தாங்கும் மாற்றம் மலிவாகக் கிடைத்திருக்கிறது. அந்த மாற்றத்தால் வந்த குறையைச் சரிசெய்துகொள்ள நேரமும் கிடைத்திருக்கிறது. முதலாவது கிருமியின் அதிர்ஷ்டம். இரண்டாவது நாம் கொடுத்தது. பெரும்பாலான விளக்கங்கள் முதலாவதோடு நின்றுவிடுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதிர்ப்பு எப்படி வருகிறது என்பது. பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கும். டிபி கிருமிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதன் மரபுத்தொகுதி, அதாவது டிஎன்ஏ முழுவதும், சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். 1998இல் முழுவதும் படித்து முடித்தார்கள். அது பிரியும்போது இந்த எழுத்துகளைப் படியெடுப்பதில் நேரும் பிழைதான் எதிர்ப்புக்கு ஒரே வழி. இந்தப் பிழையைப் பிறழ்வு என்று சொல்லிக்கொள்வோம். டிபிக்கு முக்கியமான இரண்டு மருந்துகள் ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும். ஐசோனியசிட் மருந்தைத் தாங்கும் பிறழ்வு பல கோடிப் பிரிதலுக்கு ஒருமுறைதான் நிகழும், ரிஃபாம்பிசினுக்கு அதைவிடவும் அரிது. ஆனால் நுரையீரலில் விழுந்த ஒரு குழியிலேயே பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஆகவே மாத்திரை வாயில் விழுவதற்கு முன்பே ஓரிரண்டு எதிர்ப்புக் கிருமிகள் அங்கே உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாக, இவை மட்டும் தழைக்கும். 1948இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது: மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரிடம் சில மாதங்களுக்குள் எதிர்ப்பு ரகம் தலைதூக்கியது. கூட்டு மருந்துச் சிகிச்சை பிறந்த கதை அதுதான்.

ஆக, எதிர்ப்புக் கிருமி பிறப்பது பெரிய அதிசயம் இல்லை. பிறந்தது இன்னொருவர் நுரையீரலுக்குப் போய், அங்கே நோயாக வளர்ந்து, அவரையும் இருமவைக்க வேண்டும். அங்கேதான் பல ரகங்கள் தோற்கின்றன.

ஏன் தோற்கின்றன என்பதற்கு ஐசோனியசிட் நல்ல எடுத்துக்காட்டு. இந்த மருந்து உள்ளே போகும்போது செயலற்ற நிலையில்தான் போகிறது. கிருமியின் சொந்த நொதி ஒன்று, காட்ஜி என்ற மரபணு தயாரிப்பது, அதைக் கொல்லும் மருந்தாக மாற்றிவிடுகிறது. தன் சாவுக்குத் தானே கத்தி தீட்டிக் கொடுப்பது மாதிரி. தப்பிக்கச் சுலபமான வழி, அந்த நொதியை மொத்தமாக இழந்துவிடுவது. அப்படிச் செய்த கிருமி மருந்திலிருந்து பிழைக்கிறது. ஆனால் அந்த நொதிக்கு வேறு வேலையும் உண்டு. நம் நோயெதிர்ப்பு அணுக்கள் கிருமியின்மேல் பெராக்சைடு போன்ற நச்சுகளைப் பாய்ச்சும்போது கவசமாக நிற்பது அதுதான். கவசம் போன கிருமி உடம்புக்குள் திணறுகிறது. 1953இலேயே கார்ட்னர் மிடில்ப்ரூக் என்ற ஆய்வாளர், ஐசோனியசிடுக்கு அடங்காத கிருமிகள் கினிப்பன்றிகளில் வழக்கத்தைவிட லேசான நோயையே உண்டாக்குவதைக் காட்டினார்.

இதிலிருந்து ஒரு நிம்மதியான முடிவுக்கு வந்தார்கள்: எதிர்ப்பு வந்த கிருமி நோஞ்சான், அது பெரிதாகப் பரவாது, சாதாரண டிபியைக் குணப்படுத்திக்கொண்டே போனால் இது தானாக அடங்கிவிடும். பல பத்தாண்டுகள் இந்த நம்பிக்கை ஓடியது. பாதி உண்மையாக இருந்ததுதான் அதன் ஆபத்து.

காட்ஜி மரபணுவை நூற்றுக்கணக்கான விதங்களில் கெடுக்கலாம். ஆனால் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைப் பார்த்தால் உலகம் முழுக்க ஒரே ஒரு மாற்றம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: நொதியின் 315ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் போய்த் திரியோனின் என்ற இன்னொன்று வந்திருக்கும். அந்த ஓர் இடம் மாறினால் நொதி மருந்தைச் செயல்பட வைப்பதில்லை, கவச வேலையைப் பெரும்பாலும் அப்படியே செய்கிறது. இதைவிட நல்ல பேரம் கிருமிக்கு அமையாது. மற்ற விதமாகக் கெட்டவை எல்லாம் பிறக்காமல் இல்லை. பிறந்தன, பரவும் ஓட்டத்தில் பின்தங்கிப் போயின. நம் கண்ணில் படுவது அந்த வடிகட்டலில் மிஞ்சியது.

ரிஃபாம்பிசினிலும் இதே கதை. அந்த மருந்து போய் ஒட்டுவது கிருமியின் ஆர்என்ஏ படியெடுக்கும் இயந்திரத்தில். அந்த இயந்திரம் இல்லாமல் எந்த உயிரணுவும் இல்லை, அதனால் அதை இழந்து தப்பிக்க முடியாது. மருந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள மட்டும் முடியும். மாற்றினால் இயந்திரமும் கொஞ்சம் தடுமாறும். எவ்வளவு தடுமாறும் என்பது எந்த எழுத்து மாறியது என்பதைப் பொறுத்தது. 2006இல் செபாஸ்டியன் கான்யூவும் சகாக்களும் இதை அளந்தார்கள். எதிர்ப்பு ரகத்தையும் அதன் தாய் ரகத்தையும் ஒரே குடுவையில் போட்டிபோட விட்டார்கள். சோதனைக்கூடத்தில் புதிதாக உருவாக்கிய எதிர்ப்பு ரகங்கள் ஒன்றுவிடாமல் தாயிடம் தோற்றன. மிகக் குறைவாகத் தோற்றது 450ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் லியூசின் வந்த ரகம். மருத்துவமனைகளில் அதிகம் காணப்படுவதும் அதே மாற்றம்தான். (பழைய கட்டுரைகளில் இதை 531 என்று பார்ப்பீர்கள். வேறொரு பாக்டீரியாவின் எண்ணிக்கையை வைத்து எண்ணிய பழக்கம் அது; இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.)

அந்த ஆய்வில் அதைவிடச் சுவாரசியமான பகுதி ஒன்று உண்டு. நீண்டகாலம் சிகிச்சையில் இருந்த நோயாளிகளின் உடம்பிலேயே எதிர்ப்பு பெற்ற ரகங்களில் சில, தாயிடம் தோற்கவே இல்லை. அதே பிறழ்வு, ஆனால் பலவீனம் காணோம். எங்கே போனது?

அதற்கு விடை 2012இல் தெளிவானது. இனாக்கி கோமாஸும் சகாக்களும் இப்படிப்பட்ட ரகங்களின் மரபுத்தொகுதியை முழுதாகப் படித்தபோது, அதே படியெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்து உறுப்புகளில் கூடுதல் பிறழ்வுகள் இருந்தன. முதல் பிறழ்வால் வந்த தடுமாற்றத்தை இவை ஈடுகட்டின. ஒரு வீட்டுக்காரர் திருடனுக்குப் பயந்து பூட்டின் வாயைச் சற்று மாற்றுகிறார் என்று வையுங்கள். கள்ளச்சாவி இனி நுழையாது, ஆனால் சொந்தச் சாவியும் இறுகுகிறது. அப்புறம் சொந்தச் சாவியைக் கொஞ்சம் அராவிக்கொள்கிறார். இப்போது கதவு பழையபடி திறக்கிறது, திருடன் வெளியேதான் நிற்கிறான். அராவிய சாவியை வைத்துக்கொண்டு பழைய பூட்டுக்குத் திரும்புவதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை. "மருந்தை நிறுத்தி வைத்தால் எதிர்ப்பு தானாகப் போய்விடாதா?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஈடுகட்டிய பின் கிருமி பின்னோக்கிப் போவது கடினம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஈடுகட்டும் பிறழ்வு இருக்கும் ரகங்கள் எல்லா இடத்திலும் கூடுதலாகப் பரவுகின்றன என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. சில நாடுகளில் அந்தத் தொடர்பு பளிச்சென்று தெரிகிறது, சில இடங்களில் தெரியவில்லை. என் கணிப்பில், பலவீனம் பெரிதாக இருந்த ரகத்துக்குத்தான் ஈடுகட்டல் உயிர்காக்கும். மலிவான பிறழ்வோடு பிறந்ததற்கு அது சின்ன மெருகு மட்டும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் முடிவு கலங்கலாகத்தான் வரும்.

பிறழ்வுகள் ஒன்றோடொன்று சேரும் விதமும் முக்கியம். ரிஃபாம்பிசினுக்கு ஒரு பிறழ்வு, ஃப்ளூரோகுயினலோன் வகை மருந்துக்கு (எதிர்ப்பு டிபிக்குத் தரும் ஒரு வகை) இன்னொன்று என்று இரண்டு சேர்ந்தால் பலவீனம் இரட்டிப்பாகும் என்று தோன்றும். டிபி கிருமியின் தீங்கற்ற உறவுக்கார பாக்டீரியா ஒன்றில் 2013இல் செய்த சோதனையில், சில இணைகள் தனித்தனியாக இருந்ததைவிடச் சேர்ந்திருந்தபோது நன்றாகவே வளர்ந்தன. ஒன்றின் கோணலை இன்னொன்றின் கோணல் நிமிர்த்துகிறது. மேலும் மேலும் மருந்துகளுக்கு அடங்காமல் போகப்போகக் கிருமி நலிந்துகொண்டே போகும் என்ற கணக்கு இங்கேயும் பொய்க்கிறது.

அடுத்து, பலரும் முதலில் கேட்கும் பெய்ஜிங் ரகம். டிபி கிருமியில் பல வம்சங்கள் உண்டு. கிழக்காசியாவில் மிகுதியாக இருக்கும் இரண்டாம் வம்சத்தின் முக்கியக் கிளைக்கு 1995இல் பெய்ஜிங் என்று பெயர் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் நூற்றுக்கணக்கானோரைத் தாக்கிய 'டபிள்யூ' ரகம் இந்தக் கிளை. ரஷ்யாவின் சமாரா பகுதியில் ஆயிரம் நோயாளிகளின் கிருமிகளைப் படித்த 2014 ஆய்விலும் எதிர்ப்பு ரகங்களின் பெரும்பகுதி இதுதான். இந்த வம்சத்துக் கிருமிகள் நான்காம் வம்சத்தைவிட வேகமாக எதிர்ப்புப் பிறழ்வுகளைப் பெறுகின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு வந்த இன்னொன்று அப்படி வேறுபாடு எதையும் காணவில்லை. மருந்துக்கு நன்றாக அடங்கும் ரகங்களிலும் இது வேகமாகப் பரவுவதை வியட்நாமில் கண்டிருக்கிறார்கள். ஆகவே இதற்குப் பிறவியிலேயே ஏதோ ஒரு முன்னுரிமை இருக்கிறது என்பதை ஏற்கலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் பெய்ஜிங் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அர்ஜென்டினாவில் பல பத்தாண்டுகள் பரவிய 'எம்' ரகம் நான்காம் வம்சம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் பரவியதும் நான்காம் வம்சம்தான். மால்டோவாவில் பெய்ஜிங்குக்குச் சமமாக நிற்கும் உரால் ரகமும் அப்படியே. பிறப்பு கொஞ்சம் கைகொடுக்கும், மீதி வாழ்ந்த இடம்.

குவாசூலு-நட்டால் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அங்கே டுகேலா ஃபெர்ரி என்ற கிராமப்புற ஊரில் 2005-06இல் மிகத் தீவிர மருந்து எதிர்ப்பு டிபி (முக்கிய மருந்துகளோடு அடுத்தகட்ட மருந்துகள் சிலவற்றுக்கும் அடங்காதது) 53 பேரிடம் கண்டறியப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து 16 நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. உலகம் இதைத் திடீரென்று முளைத்த பூதமாகப் பார்த்தது. பின்னர் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டு அந்த ரகத்தின் வரலாற்றைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது வேறு படம் கிடைத்தது. முதலில் ஐசோனியசிட் எதிர்ப்பு, முன்சொன்ன அந்த 315ஆம் இடத்து மாற்றம்தான், ஏறக்குறைய 1950களின் பிற்பகுதியில் வந்திருக்கிறது. பல மருந்து எதிர்ப்பு, அதாவது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காமை, 1980களில். மிகத் தீவிர எதிர்ப்பு 1990களின் நடுவில். அதாவது செய்தித்தாளில் வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அந்தக் கிருமி முழுத் தயாராக ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. பின்னாளில் அந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தபோது, சுமார் 69 சதவீதம் பேர் சிகிச்சைக் கோளாறால் எதிர்ப்பு உண்டானவர்கள் அல்ல, எதிர்ப்புக் கிருமியையே நேராக வாங்கிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது.

அர்ஜென்டினாவின் 'எம்' ரகமும் அப்படித்தான். அது 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளிடையே பெரிதாக வெடித்தபோது எச்.ஐ.வி.தான் அதை உருவாக்கியது என்று நினைத்தார்கள். கிருமியின் மரபுத்தொகுதியோ அது 1970களிலேயே பல மருந்து எதிர்ப்போடு இருந்ததைக் காட்டியது, எச்.ஐ.வி. அந்நாட்டுக்கு வருவதற்கு முன்பு. நோயெதிர்ப்பு குன்றியவர்கள் கூடிய மருத்துவமனை வார்டு ஏற்கெனவே இருந்த கிருமியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

இப்போது நேரம் என்று நான் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ரகம் எத்தனை பேருக்குப் பரவும் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: ஒரு மாதத்தில் எத்தனை பேருக்குத் தொற்றும், நோயாளி எத்தனை மாதம் தொற்றவைக்கும் நிலையில் இருப்பார். கணக்குக்காகச் சொல்கிறேன், சாதாரண ரகம் மாதம் இரண்டு பேருக்குத் தொற்றி, மூன்று மாதத்தில் நோயாளி சிகிச்சைக்கு வந்துவிட்டால் மொத்தம் ஆறு. எதிர்ப்பு ரகம் அதில் பாதி வலுதான், மாதம் ஒருவர். ஆனால் அந்த நோயாளி வேலைசெய்யாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஓராண்டு இருமினால் பன்னிரண்டு. நோஞ்சான் ஜெயித்துவிட்டது. அந்த ஓராண்டில் அவர் உடம்பில் கிருமி பிரிந்துகொண்டே இருக்கிறது. ஈடுகட்டும் பிறழ்வு வந்துசேர்வதற்கும் அதே காலம்தான் உதவுகிறது. பலவீனம் தற்காலிகமானது, தாமதம் அதைக் குணப்படுத்துகிறது.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. பெருவின் லிமா நகரில் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய்வழியே மாடியில் இருந்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். தொற்றுகளில் ஏறக்குறைய 90 சதவீதம், பல மருந்து எதிர்ப்பு இருந்தும் அதற்கேற்ற சிகிச்சை கிடைக்காத சில நோயாளிகளிடமிருந்து வந்தவை. தென்னாப்பிரிக்காவில் இதே மாதிரி அமைப்பில், சரியான மருந்து தொடங்கிய எதிர்ப்பு நோயாளிகளின் காற்று கிட்டத்தட்ட எந்த விலங்கையும் தொற்றவில்லை. சளியில் கிருமி இன்னும் தெரியும்போதே இப்படி. வார்டு, இருமல் எல்லாம் ஒன்றுதான். மருந்து பொருந்தியதா என்பது மட்டும் வேறு.

சிறையும் இதே வகையில் வேலைசெய்கிறது. நெரிசல், காற்றோட்டமின்மை, தாமதமான நோயறிதல், விட்டு விட்டுத் தொடரும் சிகிச்சை எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஜார்ஜியா நாட்டில் செய்த 2021 ஆய்வு, ஈடுகட்டிய எதிர்ப்பு ரகங்கள் சிறைகளில் பரவி அங்கிருந்து வெளியே கசிவதைக் காட்டியது. வேறு இடத்தில் பிறந்திருந்தால் அதே கிருமி இரண்டு பேரோடு முடிந்திருக்கலாம். இதில் வெறும் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது: பெரிய கூட்டமாகப் பரவிய ரகம் எல்லாம் வலுவானது என்று சொல்லிவிட முடியாது, முதல் நோயாளி எங்கே படுத்திருந்தார் என்பதும் சேரும்.

அப்படியானால் எதிர்ப்பு ரகங்கள் சராசரியாகக் குறைவாகப் பரவுகின்றனவா, அதிகமாகவா? லிமாவில் நோயாளிகளின் வீட்டாரைக் கண்காணித்த 2015 ஆய்வு ஒன்றில், எதிர்ப்பு நோயாளியின் வீட்டாருக்கு டிபி வரும் வேகம் பாதியாக இருந்தது. அதே நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டாரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், எதிர்ப்பு ரகம் சற்றே அதிகமாகத் தொற்றியது, நோயாக மாறுவதில் வேறுபாடு இல்லை. எனக்குக் கேட்டால் சராசரி என்ற கேள்வியே பயனற்றது. 2004இல் டெட் கோஹனும் மேகன் முர்ரேயும் ஒரு கணித மாதிரியில் காட்டியபடி, பெரும்பாலான எதிர்ப்பு ரகங்கள் நோஞ்சானாக இருந்தாலும் ஒரு சிறு பகுதி வலுவாக இருந்தால் போதும், காலப்போக்கில் அந்தச் சிறு பகுதியே மேலோங்கிவிடும். 2023இல் மட்டும் சுமார் 4 லட்சம் பேருக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு டிபி வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அத்தனை பேரிலிருந்து வலுவான ஒன்றிரண்டு தேறிவரப் போதுமான வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, வலுவோடு சம்பந்தமே இல்லாமல் ஜெயிக்கும் ஒரு வழி: சோதனையின் கண்ணில் படாமல் இருப்பது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பை விரைவாகக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு சோதனை, மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியை மட்டும் பார்க்கிறது. பெரும்பாலான எதிர்ப்புப் பிறழ்வுகள் அங்கேதான் வரும் என்பதால் அது நியாயமான தேர்வு. எஸ்வாட்டினி நாட்டில் ஒரு ரகம் அந்தச் சன்னலுக்கு வெளியே, 491ஆம் இடத்தில் மாறியிருந்தது. அங்கே 2009இல் எடுத்த கணக்கெடுப்பில் கிடைத்த பல மருந்து எதிர்ப்புக் கிருமிகளைப் பின்னர் மறுபடி சோதித்தபோது சுமார் 30 சதவீதம் இந்த மாற்றத்தோடு இருந்தன. வழக்கமான வளர்ப்புச் சோதனையும் இதைப் பல நேரம் தவறவிடுகிறது. மற்ற எதிர்ப்பு ரகங்களைப் பிடித்துச் சரியான மருந்தால் அடக்க அடக்க, இதற்குப் போட்டி குறைகிறது.

இந்த ரகத்தின் அடுத்த கட்டம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. எதிர்ப்பு டிபிக்கு இப்போது முதுகெலும்பாக இருக்கும் பெடாகுயிலின் மருந்தைக் கிருமி வெளியேற்றுவதற்கு ஒரு பம்ப் உண்டு. அந்தப் பம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மரபணு எந்த இடத்தில் கெட்டாலும் பம்ப் கூடுதலாக ஓடலாம். 315, 450 மாதிரி ஒரே குறிப்பிட்ட இடம் மாற வேண்டியதில்லை. கூடவே எதிர்ப்பு டிபிக்குத் தரும் குளோஃபசிமின் என்ற இன்னொரு மருந்தும் வலுவிழக்கும். எஸ்வாட்டினியின் 491 ரகத்தில் பாதிக்கு மேற்பட்டவை இந்தப் பிறழ்வையும் சேர்த்துச் சுமப்பதாக 2020இல் தெரியவந்தது. அப்படிப்பட்ட நோயாளி வந்தால், அந்தச் சன்னலை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனை ரிஃபாம்பிசின் வேலைசெய்யும் என்று சொல்லும். சாதாரண டிபிக்கான பழைய நான்கு மருந்துகள் தொடங்கும். சில மாதம் கழித்து யாராவது சந்தேகப்பட்டு எதிர்ப்பு டிபி மருந்துக்கு மாற்றினால் அதன் முதல் மருந்தும் ஏற்கெனவே பலனிழந்திருக்கும். அதுவரை அவர் இருமிக்கொண்டுதான் இருப்பார்.